செசிலி பார்க்காத படங்கள்

அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்தான் கொலைகாரன், தம்பி.

சொல்லியிருக்கக் கூடாதோ. மன்னிச்சுக்கங்க. நீங்க போன்ல பாத்துக்கிட்டு வர்றது ஓரக்கண்ணுல தெரிஞ்சுச்சு, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. ஆனா ஒண்ணும் நட்டமில்ல. அந்தப் படத்துல கொலைகாரன் யாருங்கிறது ஒரு விசயமே கிடையாது. மழையில அந்தப் பாலம் இடிஞ்சு விழும் பாருங்க, அது ஒண்ணுதான் அதுல உருப்படி. மத்ததெல்லாம் சவ்வா இழுத்திருப்பான்.

அட, ஏன் அணைக்கிறீங்க. பாருங்க. சரி, சார்ஜ் இல்லையா. அப்ப பேசிக்கிட்டு வரலாம். எனக்கும் திண்டுக்கல்ல ஏறுனதுல இருந்து பேச ஆளில்ல. மெட்ராஸ் வர்ற வரைக்கும் சன்னலையே பாத்துக்கிட்டு வர முடியுமா.

என் பேரு சவரிமுத்து. மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். கிணத்து மோட்டாரு, கிரைண்டரு, எது எரிஞ்சு வந்தாலும் கட்டிக் குடுத்துருவேன். சினிமாவுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் பாக்குறதோட சரி. மன்றம் அது இதுன்னு எதுலயும் இருந்ததில்ல. ஞாயித்துக்கிழமை காலையில பூசை, மதியம் கறிக்குழம்பு, அப்புறம் மாட்டினி. யாரு நடிச்சிருந்தாலும் சரி, ஓடுற படத்துக்குப் போவேன். பேரெல்லாம் நமக்கு நிக்காது. லாரிப் படம், கிணத்துப் படம், குருட்டுத் தங்கச்சிப் படம், இப்படித்தான் கணக்கு.

லாரிப் படம் நல்ல படம். மலைப்பாதையில பிரேக் போயிரும். உள்ள இருபது கூலி ஆளு. அந்த டிரைவர் ஒரு வார்த்தை பேச மாட்டான். வியர்வையத் தொடச்சுக்கிட்டே வளைவு வளைவா இறக்கிக் கொண்டாருவான். பாட்டு இல்ல, வசனம் இல்ல. அதுதான் படம். கோர்ட்டுப் படம் எனக்கு ஆகாது. வக்கீல் பேசிக்கிட்டே இருப்பான், கடைசியில ஜட்ஜு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு அழுவாரு. ஜட்ஜு அழுது எங்கயாவது பாத்திருக்கீங்களா. பேய்ப் படமும் அப்படித்தான். பேய்க்கு எதுக்குங்க பாட்டு. குருட்டுத் தங்கச்சிப் படத்துல கடைசியில ஆபரேசன் பண்ணிக் கண்ணு தெரிஞ்சு, அண்ணன் பொணத்தைத்தான் மொதல்ல பாப்பா. தியேட்டரே அழுதுச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நம்ம அழணுங்கிறதுக்காகவே எடுத்தது தெரிஞ்சிருச்சுன்னா அப்புறம் அழுகை வராது.

படம் விட்டு வீட்டுக்கு வந்தா, செசிலி தோசைக்கல்லப் போட்டிருப்பா. செசிலி என் சம்சாரம். இப்ப இல்ல. அடுப்படி வாசல்ல மணைய இழுத்துப் போட்டு உக்காந்துருவேன். அவ சுட்டுச் சுட்டுப் போடுவா, நான் தின்னுக்கிட்டே கதை சொல்லுவேன். மொத சீன்ல இருந்து வணக்கம் போடுற வரைக்கும். எந்தப் புருஷன் சொல்லுவான் அப்படி. மாணிக்கம்னு என் கூட்டாளி ஒருத்தன், அவனும் என்கூடத்தான் படத்துக்கு வருவான். அவன் வீட்டுக்குப் போனா துண்ட உதறிப் போட்டுத் தூங்கிருவான். நான் அப்படியில்ல.

அவகிட்ட ஒரே ஒரு குத்தம். கேக்குற கேள்வி கதையோட ஒட்டவே ஒட்டாது. நான் பிரேக் போன லாரியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

"அந்த டிரைவரோட அக்கா ஒருத்தி வந்தாள்னு சொன்னீகளே, புருஷன் செத்து வந்து நின்னாளே, அவ என்ன ஆனா?"ன்னு கேப்பா.

"அத அப்புறம் காட்டல."

"காட்டலைன்னா எங்க போயிருப்பா?"

"எனக்கென்ன தெரியும். அவளுக்கு அன்னைக்கோட நடிப்பு முடிஞ்சிருக்கும், கூலிய வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா."

சிரிப்பா. சிரிச்சுட்டு, தோசையத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "கைப்பிள்ள வேற வச்சிருந்தாளே"ன்னு முணுமுணுப்பா. எல்லாப் படத்துலயும் இப்படி ஒருத்தியப் பிடிச்சுக்குவா. கதாநாயகிக்குச் சேதி கொண்டு போற தோழி, வில்லன் வீட்டு வேலைக்காரி. நமக்கு எரிச்சலா வரும். கிணத்துப் படத்துக்கு மட்டும் அப்படி ஒண்ணும் கேக்கல. அது முடிவுல அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்துருவா. கேட்டுட்டு அடுப்ப அணச்சுட்டு உள்ள போயிட்டா. எனக்கு ரெண்டு தோசை பாக்கி.

கூட்டிட்டுப் போகலையான்னு கேக்குறீங்களா. தம்பி, அன்னைக்குத் தியேட்டர்னா இப்ப மாதிரி ஏ.சி. இல்ல. மூட்டைப்பூச்சி, பீடிப்புகை. டிக்கெட் கவுண்டர்ல ஆள மிதிச்சு ஏறுவாங்க. அவளுக்கு ஒத்தத் தலைவலி வேற உண்டு. அவளுக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். கேட்டது இல்லதான். கட்டுனவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா.

எங்களுக்கு ஒரே மகன், பிரிட்டோ. நல்லாப் படிச்சான். என்ஜினியரிங் முடிச்சு மெட்ராஸ்ல கம்பெனி வேலைக்குப் போனான். ஒரு நா வந்து நிக்கிறான், வேலைய விட்டுட்டேன், ஒரு டைரக்டர்கிட்ட உதவியாளாச் சேந்துட்டேன்னு. நான் சொன்னேன், சினிமாங்கிறது பாக்குறதுக்குடா, எடுக்குறதுக்கு இல்ல. செசிலி அடுப்படியில இருந்து வந்து, "அவன் எடுக்கட்டும்"னா. அவ்வளவுதான் சொன்னா. என் பேச்சுக்கு எதிரா அவ பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் அவளுக்கு உடம்பு முடியாமப் போச்சு. சிறுநீரகம். வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். மிஷின்ல படுத்திருக்கிற நேரம் பக்கத்துல உக்காந்து பாத்த படமெல்லாம் சொல்லுவேன். கண்ண மூடிக் கேப்பா. கேள்வி கேக்குறத விட்டுட்டா. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. மகன் படம் எடுத்து முடிக்கிறதுக்கு முன்னால போயிட்டா.

இந்த வருசம் அவன் படம் வந்துச்சு. பேரச் சொல்ல மாட்டேன், நீங்க உடனே தேடிப்பிடிச்சு எத்தனை ஸ்டார் போட்டிருக்கான்னு பாப்பீங்க. மெட்ராஸ்ல மொத காட்சி, பெரிய மனுசங்க வர்றாங்க, வாங்கப்பான்னு கூப்பிட்டான். நான் போகல. கடையில வேலை கெடக்கு, நம்ம ஊர்ல நாலு பேரோட உக்காந்து பாத்தாத்தான் நெசமான அபிப்பிராயம் தெரியும்னு சொன்னேன். சரிப்பான்னான்.

மாணிக்கத்தைக் கூட்டிட்டுப் போனேன். நாலு பேருன்னு சொன்னேனா, அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தாங்க.

படம் என்னன்னா, ஒரு சின்ன ஊரு. ஒருத்தன் சைக்கிள் கடை வச்சிருக்கான். வாராவாரம் சினிமாவுக்குப் போயிட்டு வந்து பொண்டாட்டிக்குக் கதை சொல்லுவான். நான் மாணிக்கத்தை இடிச்சேன், பாத்தியா, நம்ம வீட்டுல இருந்து எடுத்திருக்கான்னு. அப்புறம் அந்தப் பொம்பள, புருஷன் சொன்ன கதைய ராத்திரி படுக்கப் போடும்போது மகனுக்குச் சொல்லுவா. ஆனா மாத்திச் சொல்லுவா. புருஷன் சொன்னதுல செத்தவ இவ சொல்லும்போது சாக மாட்டா. பாதியில காணாமப் போனவளுக்கு இவ ஒரு வீடு குடுப்பா, ரெண்டு ஆடு குடுப்பா. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. எங்கிருந்துடா பிடிச்சான் இத, நல்ல கற்பனைன்னு நெனச்சேன்.

அந்தப் பொம்பளையா நடிச்சது யாருன்னு தெரியாது. நாடகத்துல நடிக்கிற பொண்ணாம். நான் கதை சொல்லும்போது, அதாவது அந்தாளு கதை சொல்லும்போது, கரண்டிய அப்படியே நிறுத்திட்டு நிப்பா பாருங்க. மாவு சொட்டும். அவளுக்குத் தெரியாது சொட்டுறது. அந்த இடத்துல எனக்கு உக்கார முடியல.

அதுவரைக்கும் படம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கெடுத்துட்டான். அவ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேப்பா. சரி, அடுத்த வாரம்னு அந்தாளு சொல்லுவான். அடுத்த வாரம் அவ பச்சைச் சீல கட்டி, பூ வச்சு, பவுடர் போட்டு நிக்கிறா. மகனை அடுத்த வீட்டுல விட்டுட்டு வந்து செருப்பு மாட்டுறா. அந்த நேரம் கூட்டாளி ஒருத்தன் ஸ்கூட்டர்ல வந்து ஆரன் அடிப்பான். இவன் ஏறிப் போயிருவான். திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. எந்த மனுசன் அப்படிச் செய்வான். பொண்டாட்டி செருப்பப் போட்டு நிக்கிறா, இவன் ஸ்கூட்டர்ல ஏறிப் போறானாம். ஜட்ஜு அழுற மாதிரிதான் இதுவும். மிகையா இருந்துச்சுன்னா நம்ப முடியுமா. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். உள்ள திரும்பிப் போனா மாணிக்கம் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கான். இடைவேளை விட்டதும் வயிறு சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை கேள்விப்படுறேன், பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஏதோ படத்துக்குப் போயிருக்கான். அந்தம்மா முழங்கால் வலியோட மாடிப்படி ஏறுச்சாம். இந்த வயசுல எதுக்கு அது.

எங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு நடந்துச்சு. ஆனா அது வேற. லாரிப் படம் ரெண்டாவது வாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த மலைப்பாதை சீன மட்டும் நான் கண்ணால பாக்கணும்னு செசிலி சொன்னா. நானும் சரின்னேன். அன்னைக்கு அவ கிளம்பித்தான் நின்னா. மாணிக்கம் வந்தான், அவன் மச்சான் தியேட்டர்ல ரெண்டு சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கானாம், இப்பவே வா, லேட்டாப் போனா வேற ஆளுக்குக் குடுத்துருவான்னான். ரெண்டு சீட்டுக்கு மூணு பேரு எப்படிப் போறது. அடுத்த வாரம் போலாம் செசிலின்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவளும் சரின்னுதான் சொன்னா. அந்தப் படத்துல அவன் சொல்லாமப் போறான். நான் சொன்னேன். அடுத்த வாரம் பாத்தா படத்த மாத்திட்டாங்க, அதுக்கு நான் என்ன செய்ய. சாயங்காலம் வந்து மலைப்பாதைய மறுபடியும் மொதல்ல இருந்து நல்லா வெவரமாச் சொன்னேன். அவ தோசை சுட்டா. கேட்டுக்கிட்டா. முகத்துல ஒரு சுணக்கம் இல்ல.

மறுநா பிரிட்டோ போன் பண்ணுனான். "பாத்தீங்களாப்பா?"

நான் மனசுல பட்டதச் சொன்னேன். படப்பிடிப்பு நல்லாருக்கு. பாட்டு இல்ல, அதுவே பெரிய விசயம். அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. ஆனா அந்த அப்பன் பாத்திரம் சரியில்ல, எந்தப் புருஷன்டா அப்படி இருப்பான், அந்த ஸ்கூட்டர் சீன நறுக்கி எறிஞ்சிருக்கணும்னேன்.

அவன் வேற ஒண்ணு கேட்டான்.

"அம்மா கதைய மாத்திச் சொல்றது எப்படி இருந்துச்சுப்பா?"

"அது நல்ல கற்பனைடா. ஆனா படிக்காத பொம்பள அப்படியெல்லாம் ஜோடிச்சுச் சொல்லுவாளா? நம்புற மாதிரி இல்ல."

"சரிப்பா"ன்னான். வச்சுட்டான். அதுக்கப்புறம் போன் வர்றதில்ல. நான் பண்ணுனா சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பான். அதோட முடிச்சுக்குவான். ஏன்னு எனக்குப் புரியல. ஒருத்தன் அபிப்பிராயம் கேட்டா அபிப்பிராயம் சொல்லத்தான செய்யணும். பெத்த மகன்கிறதுக்காகப் பொய் சொல்றதா.

நான் மறுபடியும் போனேன். தனியாத்தான். அந்தப் பொண்ணு கரண்டிய நிறுத்திட்டு நிக்கிறதுக்காக. அதுக்கு மறுநாளும் போனேன். மத்தபடி அது நல்ல படம்னு சொல்ல மாட்டேன். அந்தாளு வர்ற சீன்ல எல்லாம் தரையப் பாத்துக்குவேன். ஸ்கூட்டர் வரும்போது எந்திரிச்சு வெளிய போய் டீ குடிச்சுட்டு வருவேன். ஒரு வாரத்துல எங்க ஊர்ல எடுத்துட்டான். மதுரையில ஓடுச்சு, அங்க போனேன். அங்கயும் எடுத்துட்டான். திருச்சிக்குப் போனேன். கடைய ரெண்டு நா பூட்டிட்டேன்னு கிணத்து மோட்டார் குடுத்த ஆளு வஞ்சுட்டுப் போறான்.

போன்லயே வந்துரும்னு சொல்றீங்க. வரும் தம்பி, மகனும் சொன்னான். போன்ல அவ இம்புட்டூண்டு இருப்பா. தியேட்டர்ல சுவரு முழுக்க இருக்கா.

திருச்சியில பாத்துட்டு வந்த அன்னைக்கு மனசு கேக்கல. நானே பிரிட்டோவுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, அம்மா நெசமாவே உனக்குக் கதை சொல்லுவாளா?"

"சொல்லுவாங்கப்பா. எல்லா வாரமும்."

"மாத்தியா?"

"மாத்தித்தான்."

அந்தக் கிணத்துப் படம் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு என்னடா சொன்னா, அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்துருவாளேன்னேன்.

அவன் சொல்றான், "அம்மா கதையில அவ விழ மாட்டாப்பா. கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டு வாளிய இறக்குவா. தண்ணி சேந்தி முகம் கழுவுவா. சீலைய ஒதறிக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிருவா."

"எங்க போவா?"

"அது அந்தந்த நாளுக்கு ஏத்த மாதிரி. நான் திரும்பத் திரும்பக் கேக்குற கதை அது. ஒரு நா வேளாங்கண்ணின்னு சொல்லுவாங்க. ஒரு நா கடல் பாக்கப் போனாம்பாங்க. கொடைக்கானல்தான் நெறையத் தடவை."

கொடைக்கானல் எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம், தம்பி. மழை பேஞ்சு வெறிச்ச நாள்ல எங்க மாடியில நின்னா அந்த மலை தெரியும். துணி காயப் போட நாளும் பொழுதும் மாடிக்குப் போனவ அவ. கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா. கேக்கணும்ல.

இருங்க, கண்ணுல ஏதோ தூசி. சன்னல்ல இருந்து அடிக்குது.

முந்தாநேத்து அவனே கூப்பிட்டான். இப்ப மெட்ராஸ்ல ஒரே ஒரு தியேட்டர்ல ஓடுதாம். இன்னைக்குச் சாயங்காலக் காட்சியோட அங்கயும் எடுத்துருவாங்களாம். சும்மா சேதியாத்தான் சொன்னான். நான் வர்றேன்டான்னேன்.

"எதுக்குப்பா, பாத்த படம்தான. உங்களுக்குப் பிடிக்கவும் இல்ல."

"முழுசாப் பாக்கலடா"ன்னேன். வாய் தவறி வந்துருச்சு.

"எதப் பாக்கல?"

"ஸ்கூட்டர் கிளம்பிப் போனதுக்கு அப்புறம் உள்ளத. நான் அங்க எந்திரிச்சுருவேன். நான் போனதுக்கு அப்புறம் அவ என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது."

படத்துல உள்ளவளத்தான் சொன்னேன். ஆனா அவன் வேற மாதிரி எடுத்துக்கிட்டான் போல. நான் மாணிக்கத்தோட லாரிப் படத்துக்குப் போன அன்னைக்கு அவன் அடுத்த வீட்டுலதான இருந்தான். சன்னல்ல இருந்து பாத்தா எங்க வாசல் தெரியும்.

அப்புறம் மெதுவாக் கேட்டான், "நான் சொல்லட்டுமாப்பா, அம்மா என்ன செஞ்சாங்கன்னு?"

நான் வேணாம்னுட்டேன். எனக்கு யாரும் கதையாச் சொல்ல வேணாம். சொல்லிக் கேக்குறது பாத்த மாதிரி ஆகாது.

"எக்மோர்ல நிக்கிறேன், இறங்குங்க"ன்னான். சொன்னா வந்துருவான், அதுல அவன் அவுக அம்மா மாதிரி. ரெண்டு பேரும் சேந்து படம் பாத்ததே கிடையாது, நானும் அவனும். அவங்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கேன். அந்த இடம் வரும்போது நான் எந்திரிச்சேன்னா, கையப் பிடிச்சு உக்கார வச்சுருடான்னு.